றொக், மெற்றல் அல்பங்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி: திருகோணமலையில் இருந்து எழுதுவோருக்கு

மெற்றல் பற்றித் தமிழில் வருகிற குறிப்புகளில் பாதி "வேற லெவல்" என்று முடியும், மீதி "ஒரே இரைச்சல்" என்று முடியும். வாசித்தவருக்கு அந்த அல்பத்தை வாங்குவதா, டேட்டா செலவழித்துக் கேட்பதா, விட்டுவிடுவதா என்று ஒன்றும் விளங்காது. நீங்கள் கேட்டதை வாசகரும் போய்ச் சரிபார்க்க முடிந்தால்தான் அது விமர்சனம். எந்தப் பதிப்பு, எதில் கேட்டது, எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லாத தீர்ப்பு எவ்வளவு நல்ல தமிழில் இருந்தாலும் காற்றோடு போகிற பேச்சுத்தான்.

முதலில் பதிப்பு

ஒரே பெயர், ஒரே அட்டை, உள்ளே வேறு சரக்கு. றொக்கில் இது அடிக்கடி நடக்கும். ஒஸி ஒஸ்போர்னின் முதல் இரண்டு தனி அல்பங்களும் (1980, 1981) 2002இல் மறுபடி வெளிவந்தபோது, பொப் டெய்ஸ்லியின் பேஸ் கிற்றாரும் லீ கெர்ஸ்லேக்கின் ட்றம்ஸும் எடுக்கப்பட்டு, ரொபேர்ட் ட்ருஹியோவும் மைக் போர்டினும் புதிதாக வாசித்தவை ஏற்றப்பட்டன. 2011 மறுபதிப்பில்தான் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. 2002 பிரதியைக் கேட்டுவிட்டு "கெர்ஸ்லேக்கின் அடி இடி மாதிரி" என்று எழுதினால், அதில் வாசிக்காத ஆளைப் புகழ்ந்திருப்பீர்கள்.

மேடைப் பதிவுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூட. ஐயன் மெய்டனின் 'லைவ் ஆஃப்டர் டெத்' (1985) இரட்டை இசைத்தட்டில் மூன்று பக்கங்கள் கலிபோர்னியாவின் லோங் பீச் அரீனாவில் பதிவானவை. நான்காம் பக்கம் 1984 ஒக்டோபரில் லண்டன் ஹமர்ஸ்மித் ஓடியனில் பதிவானது. முதலில் வந்த சீடியில் அந்த நான்காம் பக்கமே இல்லை; 1998 மறுபதிப்பில்தான் சேர்ந்தது. த ஹூ குழுவின் 'லைவ் அற் லீட்ஸ்' 1970இல் 6 பாட்டுகளோடு வந்தது, 1995 சீடியில் அதைப்போல இருமடங்குக்கு மேல். "சிறியது, இறுக்கமானது" என்று ஒருவரும் "இழுத்துக்கொண்டு போகிறது" என்று இன்னொருவரும் எழுதினால் இரண்டு பேரும் சரியாக இருக்கலாம்.

சீடி கையில் இருந்தால் முதுகில் உள்ள பட்டியல் இலக்கத்தையும், தட்டின் மறுபக்கத்தில் நடுவளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் குறித்துக்கொண்டு, அல்பங்களின் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்கொக்ஸ் தளத்தில் தேடுங்கள். எந்த நாட்டு, எந்த ஆண்டுப் பிரதி என்று பிடிபடும். ஸ்பொட்டிஃபை போன்றவற்றில் அல்பத்தின் பெயருக்குக் கீழே உள்ள ஆண்டை நம்ப வேண்டாம். பக்கத்தின் அடிக்குப் போய், வட்டத்துக்குள் 'பி' எழுத்து போட்ட வரியைப் பாருங்கள். மேலே 1982 என்றிருக்கும், கீழே 2015 என்றிருக்கும். அப்படியானால் கேட்பது பெரும்பாலும் மறு மாஸ்டரிங்தான், அதாவது பழைய பதிவின் சத்தமும் ஒலிச் சமநிலையும் மறுபடி சரிசெய்யப்பட்ட பிரதி.

யூடியூபில் யாரோ ஏற்றிய முழு அல்பத்தை வைத்து விமர்சனம் எழுதாமல் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். பதிப்புரிமைப் பொறியில் சிக்காமல் இருக்கச் சிலர் வேகத்தைச் சற்றுக் கூட்டி ஏற்றுவார்கள். 4 சதவீதம் கூட்டினால் 5:00 நிமிடப் பாட்டு 4:48இல் முடியும், சுருதி ஏறக்குறைய ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறும். பாட்டின் நீளத்தை அட்டையில் உள்ளதோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். அந்தப் பிரதியில் "பாடகரின் குரல் மெலிந்துவிட்டது" என்று எழுதினால் பழி பாடகர் மேல் விழும்.

கேட்கும் சாமானும் கடற்காற்றும்

விலை கூடிய ஹெட்போன் தேவையில்லை. காதை முழுதாக மூடுகிற, வயர் உள்ள, பேஸை ஏற்றிக் காட்டாத ஒன்று போதும். போனின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு எழுதவே கூடாது. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது, கிற்றாரின் தடித்த கம்பி 82இல். சின்ன ஸ்பீக்கர் இந்த ஆழத்துக்கு இறங்காது. "பேஸே கேட்கவில்லை" என்கிற குற்றச்சாட்டு பாதி நேரம் போன் மேல் போட வேண்டியது. மெற்றாலிக்காவின் 1988 அல்பத்தில் மட்டும் அந்தக் குற்றச்சாட்டு நியாயம். அங்கே ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸை மிக்ஸிலேயே அமுக்கிவிட்டார்கள்.

உவர்மலை, டச்சுக்குடாப் பக்கம், உப்புவெளி, நிலாவெளி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் ஹெட்போன் முளையை (போனில் செருகும் ஜாக்கை) கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் அது சீக்கிரம் கறுக்கும். சாதாரணக் கோளாறு ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்பது. மெற்றலில் தாளக் கிற்றாரை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடத்திலும் மற்றதை முழு வலத்திலும் வைப்பது வழக்கம், ஆகவே ஒரு பக்கம் போனால் பாதிக் கிற்றார் போய்விடும். இதைவிட ஏமாற்றுகிற கோளாறு ஒன்று உண்டு. முளையின் அடிவளையத் தொடுப்பு, அதாவது பொது மண் தொடுப்பு, விட்டுப்போனால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். நடுவில் இருக்கிற குரல், பேஸ், கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்றம்), ஸ்னேர் (அடியில் கம்பி பூட்டிய சின்ன ட்றம்) எல்லாம் மறைந்து, எதிரொலியும் ஓரக் கிற்றாரும் மட்டும் கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல் வரும். தெரியாத ஆள் இதைக் கேட்டால் "வித்தியாசமான தயாரிப்பு" என்று எழுதக்கூடும். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு முளையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு இரண்டு பக்கமும் நடுவும் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் புது அல்பத்தைத் தொட வேண்டும்.

போனில் டொல்பி, பேஸ் பூஸ்ட், ஈக்குவலைசர் எல்லாவற்றையும் அணையுங்கள். லப்டொப்பில் கேட்கும்போது அடியில் ஒரு ரீங்காரம் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம், பதிவில் உள்ளது அல்ல. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபேன் இல்லாமல் இருக்க முடியாதுதான். ஆனாலும் ஃபேன் சத்தம் சிம்பலின் (ட்றம்ஸில் உள்ள உலோகத் தட்டின்) வால் ஒலியையும் மெல்லிய எதிரொலியையும் விழுங்கிவிடும். இரவு பத்து மணிக்குப் பிறகு, ஃபேனைக் குறைந்த வேகத்தில் விட்டு, மூடிய ஹெட்போனில் கேட்பது நடைமுறைக்கு ஏற்றது. கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி ஓயும் வரை நுணுக்கமான வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

டேட்டாக் கணக்கும் பார்க்க வேண்டியதுதான். ஸ்பொட்டிஃபையில் சாதாரணத் தரம் 96 கே.பி.பி.எஸ்., 45 நிமிட அல்பத்துக்கு ஏறக்குறைய 32 எம்.பி. 'வெரி ஹை' என்கிற தரம் 320, அதே அல்பம் ஏறக்குறைய 108 எம்.பி. வைஃபை உள்ள இடத்தில் 320இல் இறக்கி வைத்துக் கேளுங்கள். தரம் குறைந்த கோப்பில் முதலில் சாவது சிம்பல்: "ட்ஷ்ஷ்" என்று விரிய வேண்டியது தண்ணீருக்குள் சலசலப்பதுபோல் ஆகும். அதற்கு ட்றம்ஸ்காரரைத் திட்டக் கூடாது.

எத்தனை தரம், எப்படி

முதல் தரம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, பாட்டுத் தாண்டாமல். குறிப்பு எழுத வேண்டாம். ஏதாவது பிடித்தால், உறுத்தினால், நிமிடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தரம் பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்றாம் தரம் வாத்தியம் வாத்தியமாக. பிறகு இரண்டு மூன்று நாள் தொடாமல் விட்டு, அறையில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் வேறு வேலை செய்துகொண்டு ஒரு தரம். அந்தக் கடைசித் தரத்தில் உங்களை வேலையை விட்டு நிமிர வைத்த இடங்கள் எவை என்று பாருங்கள், முதல் நாள் குறித்த நிமிடங்களோடு அவை பெரும்பாலும் ஒத்துப்போகாது. விமர்சனத்தின் மையம் அங்கேதான் இருக்கும்.

சத்தத்தை அளவாக வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணிநேரம், 90 என்றால் 4 மணிநேரம்தான். உடல்நலம் ஒருபுறம் இருக்க, களைத்த காது உச்ச ஒலிகளை மங்கலாகக் கேட்கும். மூன்று அல்பத்தை ஒரே இருப்பில் கேட்டால் மூன்றாவது எப்போதுமே "மந்தமான தயாரிப்பு" ஆகிவிடும்.

வாத்தியம் வாத்தியமாக

கிற்றாரில் முதலில் பார்க்க வேண்டியது இடமும் வலமும் எவ்வளவு ஒட்டி நடக்கின்றன என்பது. உள்ளங்கையால் கம்பியை அமுக்கி மீட்டும் இடங்களில் இரண்டும் ஒரே வெட்டாக விழுகின்றனவா, அல்லது ஒன்று சற்றுப் பிந்துகிறதா? வேகமான மெற்றல் வகையான த்ராஷில் பிந்தினால் பிழை. மெதுவான, கனத்த வகையான டூமில் அதே பிந்தல் எடையைக் கூட்டும். சுருதி எவ்வளவு இறக்கப்பட்டிருக்கிறது என்பதை இலவச டியூனர் செயலியில் பார்க்கலாம். பிளாக் சபாத்தின் டோனி அயோமி விரல் நுனிகளை இழந்தவர். 1971 அல்பத்தில் கம்பிகளைத் தளர்த்தி மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்தார், இன்றைய கனத்த ஒலியின் வேர்களில் அதுவும் ஒன்று. ஆனால் சுருதி இறங்கினால் கனம் தானாக வராது. தளர்ந்த கம்பி கொளகொளவென்று ஒலித்தால் அதை எழுதுங்கள்.

ட்றம்ஸுக்குத் தவில் கேட்டு வளர்ந்த காது நல்ல முதலீடு. தொப்பியில் விழும் கழியையும் வலந்தலையில் விழும் விரற்கூட்டையும் பிரித்துக் கேட்பதுபோல, கிக்கையும் ஸ்னேரையும் சிம்பலையும் தனித்தனியாகப் பின்தொடருங்கள். வேகமான இடத்தில் ஸ்னேரின் ஒவ்வொரு அடியும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே ஒலியாக இருந்தால், உண்மையான அடிகளுக்குப் பதில் பதிவு செய்த மாதிரி ஒலியைப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். மனிதர் அடிக்கும்போது வேகம் கூடக் கூட அடி மெலியும், படும் இடம் மாறும். இதைக் குற்றமாக எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டியது அதன் விளைவை: தட்டச்சு இயந்திரம்போலக் கேட்கிறதா, இல்லை பாட்டுக்கு அந்த இயந்திரத்தன்மை பொருந்துகிறதா. மெற்றாலிக்காவின் 2003 அல்பத்தில் ஸ்னேரின் அடிக்கம்பிகளைத் தளர்த்திவிட்டு அடித்ததால் தகரம் தட்டிய ஒலி வந்தது. வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. வேண்டுமென்றே செய்தார்கள் என்பதால் நல்ல முடிவாகிவிடாது.

குரலில் உறுமலைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். "கத்துறார்" என்று முடிப்பது சோம்பல். மூச்சு எங்கே எடுக்கிறார், சொல்லின் மெய்யெழுத்துகள் தெரிகின்றனவா, உறுமலின் தாளம் கிக்கோடு போகிறதா, ஆழமும் உச்சமும் என்று எத்தனை வகைக் குரல் வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

வகையைத் தெரிந்துகொண்டு அளக்க வேண்டும். டார்க்த்ரோனின் 1994 பிளாக் மெற்றல் அல்பம் நான்கு தடப் பதிவுக் கருவியில் வீட்டில் பதிவானது. அதன் கரகரப்பு அந்த வகையின் அழகியலாகவே ஆகிவிட்டது. அதைத் தெளிவில்லை என்று குறை சொல்வது வீண். அதே கரகரப்பை முப்பது வருடம் கழித்து ஒருவர் செயலியில் பூசிக்கொண்டு வந்தால், கீழே பாட்டு இருக்கிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சத்தமாக மாஸ்டர் செய்த அல்பங்கள்

2008இல் வந்த மெற்றாலிக்காவின் 'டெத் மக்னெற்றிக்' இதற்குப் பாடநூல் உதாரணம். சீடி உச்ச அளவுக்கு அமுக்கப்பட்டு அலைவடிவின் தலை வெட்டுப்பட்டிருந்தது; அதே பாட்டுகள் கிற்றார் ஹீரோ வீடியோ விளையாட்டில் இறுக்கம் குறைந்து, ட்றம்ஸ் மூச்சுவிடக்கூடியதாக வந்தன. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் விடயம் வெளியே வந்தது.

சோதிக்க ஒடாசிட்டி என்கிற ஒலித் திருத்த மென்பொருள் போதும், காசில்லை. கோப்பைத் திறந்து, சத்தமான இடத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு தெரியுமளவுக்குப் பெருப்பியுங்கள். ஸ்னேர் அடியின் உச்சி கூராக இருக்க வேண்டும். கத்தியால் சீவியதுபோல் தட்டையாக, அடுத்தடுத்து ஒரே உயரத்தில் இருந்தால் வெட்டுப்பட்டிருக்கிறது. பார்வை மெனுவில் வெட்டைக் காட்டும் வசதி சிவப்புக் கோடு போடும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்: எம்.பி.3 கோப்பு விரியும்போது இல்லாத இடத்திலும் சிவப்பு வரும், உச்சத்துக்குச் சற்றுக் கீழே சீவிய அல்பத்தில் சிவப்பே வராது. மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் டி.ஆர். அளவி தரும் எண்ணும் உதவும். ஆனால் இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதிக்கு அது கூடுதலாகக் காட்டும், சீடியோடு நேராக ஒப்பிட முடியாது.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்துங்கள். சத்தம் கூடியதையே காது சிறந்தது என்று சொல்லும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும். ஸ்பொட்டிஃபை வழமையாக எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவரும், ஒப்பீட்டுக்கு அதை அப்படியே விடலாம்.

மேடைப் பதிவு

டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்' 1972 ஓகஸ்ட்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று இரவுகளில் பதிவானது. பின்னால் ஸ்ரூடியோவில் மேலே பூசியது மிகக் குறைவு என்பதற்காகவே இன்றும் அளவுகோலாக நிற்கிறது. மறுகோடியில் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 1979 டோக்கியோப் பதிவு: ரொப் ஹல்ஃபோர்ட் குரலை ஸ்ரூடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார். தின் லிஸியின் 1978 அல்பத்தில் பெரும்பகுதி ஸ்ரூடியோ வேலை என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கொன்டி, குழுவினர் மறுத்தார்கள். மோட்டர்ஹெட்டின் 1981 பதிவின் தலைப்பில் ஹமர்ஸ்மித் இருக்கிறது, பதிவில் ஹமர்ஸ்மித் இல்லை; லீட்ஸும் நியூகாசிலும்தான் பெரும்பகுதி. அட்டை சொல்வதை அப்படியே எழுதினால் இப்படித்தான் மாட்டுப்படுவீர்கள்.

காதால் பிடிக்கக்கூடிய தடயங்கள் சில உண்டு. மேடையில் பாடகரின் மைக்குக்குள் சிம்பலும் கிற்றாரும் கசியும். அவர் மைக்கை நெருங்கும்போதும் விலகும்போதும் அந்தக் கசிவின் நிறம் மாற வேண்டும். குரல் வரும்போதும் நிற்கும்போதும் பின்னணி இம்மியும் அசையவில்லை என்றால் குரல் பின்னர் சேர்ந்திருக்கலாம். ஒரே ஒருவர் பாடும் குழுவில் இரண்டு சுருதியில் ஒரே குரல் கேட்டால் அங்கே பதிவுத் தடம் ஓடலாம், குரலை இரட்டிக்கும் கருவி வேலை செய்யலாம், அல்லது பிறகு சேர்த்திருக்கலாம். கூட்டத்தின் ஆரவாரத்தில் ஒரே விசில் இரண்டு மூன்று இடத்தில் திரும்பி வந்தால் அது ஒட்டுப்போட்டது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஆரவாரம் முழுதாக அடங்கி மறுபடி எழுந்தால், வெவ்வேறு இரவுகளைத் தைத்திருக்கலாம். இவை தடயங்கள்தான், தீர்ப்பல்ல. ஆகவே "மறுபடி பாடப்பட்டது" என்று வெட்டொன்று துண்டிரண்டாக எழுதாமல், என்ன கேட்டது என்று எழுதுங்கள். பூசுவது பாவமும் இல்லை. பூசியதை மேடைச் சூடு என்று விற்பதுதான் எரிச்சல்.

மிக்சரிலிருந்து நேரே எடுத்த பதிவில் குரல் வறண்டு முன்னால் நிற்கும், கிற்றார் பின்னால் போகும். சின்ன மண்டபத்தில் கிற்றார் அம்ப்ளிஃபயரின் சத்தமே போதும் என்பதால் மிக்சரில் அதை ஏற்றியிருக்க மாட்டார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கிற்றார்காரர் சோர்ந்துவிட்டார் என்று எழுதுவது அநியாயம்.

இங்கே உப்புவெளிக் கடற்கரையில் சீசன் நேரம் வாசிக்கிற குழுவையோ, மக்கேய்சர் மைதானத்து மேடையையோ போனில் பதிவு செய்து பிறகு எழுத நினைத்தால், முதலில் குழுவிடம் அனுமதி கேளுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி, மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மைக் துவாரத்தின் மேல் ஒரு துண்டு ஸ்பொஞ்ச் ஒட்டினால் காற்றின் படபடப்புக் குறையும். சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்க விடுகிற செயலியைப் பாவியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கிக்குக்கும் முழுப் பாட்டும் அமிழ்ந்து எழும்பும். உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். அளவைக் குறைத்த பிறகும் கரகரத்தால் மைக்கே தாங்கவில்லை என்று அர்த்தம், பின்னால் போக வேண்டும். ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணிநேரத்துக்கு ஏறக்குறைய 600 எம்.பி. பிடிக்கும், போனில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். திறந்த வெளியில் பேஸ் பரந்து போய்விடும், போன் அதை இன்னும் மெலிதாக்கும். ஆகவே பேஸ் பற்றி அங்கேயே நின்று உடம்பில் உணர்ந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள், பதிவை நம்பாதீர்கள்.

எழுதும்போது

முதல் பந்தியிலேயே குழு, ஆண்டு, பதிப்பு, நீளம், எதில் கேட்டது எல்லாம் வந்துவிட வேண்டும். பிறகு தீர்ப்பு, பிறகு சான்று. எல்லாப் பாட்டையும் வரிசையாகச் சொல்லத் தேவையில்லை. மூன்று இடம் போதும், அந்த மூன்றையும் வடிவாகச் சொல்லுங்கள். இப்படி எழுதினால் யாருக்கும் பயனில்லை:

"கிற்றார் அபாரம். ட்றம்ஸ் பட்டையைக் கிளப்புகிறது. பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கிறார்."

அதே இடத்தை இப்படி எழுதலாம்:

"மூன்றாவது பாட்டில் 2:40க்கு வேகம் பாதியாகிறது. இடக் கிற்றார் அமுக்கிய மீட்டலில் பழைய றிஃபையே தொடர, வலக் கிற்றார் ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கிறது. பேஸ் கிற்றாரை விட்டு விலகி நடப்பது இங்கே மட்டும்தான். 3:15க்கு வேகம் திரும்பும்போது ஸ்னேர் ஒரு மயிரிழை முந்திவிடுகிறது. அதை வெட்டித் திருத்தாமல் விட்டது நல்ல முடிவு."

500 முதல் 700 சொல் தாராளம். பாட்டு வரிகளில் அரசியலோ மதமோ வன்முறையோ இருந்தால் பூசி மெழுகாமல் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். பிடிக்காவிட்டால் ஏன் என்றும். கொழும்பு ஸ்டிக்மாட்டா போன்ற உள்நாட்டுக் குழு என்றால் "நம்மட பெடியள்" என்று இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடும் பழக்கத்தை விடுங்கள். அவர்களுக்கும் அது உதவாது.

மதிப்பெண் போடுவதானால் பத்துக்கு ஐந்து என்பது உங்களிடம் எதைக் குறிக்கும் என்று முன்பே தீர்மானித்து, பழைய விமர்சனங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். வெளியிட முன் உறுப்பினர் பெயர்களையும் ஆண்டையும் மெற்றல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் ஒரு தரம் ஒத்துப்பாருங்கள். நீங்கள் குறித்த நிமிடங்கள் ஒவ்வொன்றையும் அதே பதிப்பில் மறுபடி ஓடவிடுங்கள். மேடைப் பதிவுகளில் இது கட்டாயம்: ஒரு பதிப்பில் பாடகரின் பேச்சு முந்திய பாட்டின் வாலில் இருக்கும், இன்னொன்றில் அடுத்த பாட்டின் தலையில் இருக்கும், எல்லா நேரக்குறிப்பும் அரை நிமிடம் தள்ளிப்போய்விடும்.